இழப்புக்கு முன்பே ஒரு புகார்

கைப்பேசி எண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் லாட்டரி விழுந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. விவரம் தெரிந்தவர்கள் பார்த்தவுடன் அதை அழித்துவிட்டு, எண்ணையும் பிளாக் செய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நாம்தான் ஏமாறவில்லையே என்ற நிம்மதியோடு அவர்களுக்கு விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் அதே எண் அடுத்த தெருவில் இன்னொருவரைக் கூப்பிடுகிறது. அதே வங்கிக் கணக்கு அடுத்த ஊரில் ஒருவருக்குச் சொல்லப்படுகிறது. மோசடியை முதலில் கண்டுகொண்டவர் பேசாமல் இருந்துவிட, பணத்தைத் தொலைத்தவர் மட்டும் கடைசியில் காவல் நிலையப் படியேறுகிறார். அதற்குள் பணம் பல கணக்குகளைத் தாண்டிப் போயிருக்கும்.

2023ஆம் ஆண்டில் இணையவழி நிதி மோசடிகளால் இந்தியர்கள் இழந்த தொகை ஏறத்தாழ 7,465 கோடி ரூபாய் என்றும், 2024இல் அது 22,845 கோடியைத் தாண்டியது என்றும் மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இதில் லாட்டரி மோசடி ஒரு பகுதிதான். ஆனாலும் அதற்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற பல மோசடிகளில் பணம் நிமிடங்களில் பறிபோகிறது. லாட்டரி மோசடியில் நாட்கணக்கில், வாரக்கணக்கில் கறக்கப்படுகிறது. நம்முடைய புகார் அமைப்போ வேகமான திருட்டை மனத்தில் வைத்து உருவானது. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது, பணம் இழக்காதவர்கள் சந்தேகம் எழுந்தவுடன் தருகிற புகார். சட்டமும் அதற்கு இடம் தருகிறது என்பதைக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வலை விரிக்கப்படும் விதம்

இந்தியாவில் மிகப் பரவலாக அறியப்பட்ட லாட்டரி மோசடி, ‘கோன் பனேகா குரோர்பதி’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரால் நடப்பது. நிகழ்ச்சிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வருகிற படத்தில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் அமிதாப் பச்சனின் முகம், ஒரு வங்கியின் சின்னம், சில சமயம் பிரதமரின் புகைப்படம், ஒரு லாட்டரி எண், ‘மேலாளர்’ ஒருவரின் தொடர்பு எண் ஆகியவை இருக்கும். வாட்ஸ்அப் வழியாக மட்டுமே கூப்பிட வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வரும். சாதாரண அழைப்பைவிட வாட்ஸ்அப் அழைப்பைப் பின்தொடர்வது கடினம் என்பதே அதன் காரணம். பல எண்கள் பாகிஸ்தானின் 92 என்ற நாட்டுக் குறியீட்டில் தொடங்குவதாக டெல்லி காவல்துறையின் சைபர் பிரிவு எச்சரித்திருக்கிறது.

கூப்பிட்டால் எதிர்முனையில் பேசுபவர் மரியாதையாகப் பேசுவார். வாழ்த்துச் சொல்வார். பரிசுப் பணத்தை விடுவிக்கச் சில ஆயிரம் ரூபாய் ‘ப்ராசசிங் ஃபீஸ்’ கட்ட வேண்டும், அது திரும்பக் கிடைத்துவிடும் என்பார். கட்டியதும் ஜிஎஸ்டி, பிறகு வருமான வரி, பிறகு வங்கிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். தயங்கினால் பரிசுத் தொகை 45 லட்சமாகும், பிறகு 75 லட்சமாகும். ஏற்கெனவே கட்டிய பணத்தை மீட்கவாவது இன்னொரு தவணையைக் கட்டிவிடலாம் என்று மனம் சொல்லும். மோசடியின் உண்மையான பலம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. முதல் தவணையை ஆசையால் கட்டுபவர்கள் அடுத்த தவணைகளைப் பெரும்பாலும் பயத்தால்தான் கட்டுகிறார்கள்.

இணையத்தை அதிகம் பயன்படுத்தாதவர்களுக்கு இந்த மோசடி தபாலில் வருகிறது. ஸ்பீடு போஸ்டில் ஓர் உறை. உள்ளே பெயர் பெற்ற ஆன்லைன் விற்பனை நிறுவனம் ஒன்றின் சின்னம் அச்சிட்ட வழவழப்பான கடிதம், சுரண்டிப் பார்க்கும் அட்டை, வங்கி விவரங்களை நிரப்புவதற்கான படிவம். பெறுபவரின் பெயரும் முகவரியும் பிழையில்லாமல் இருக்கும். அண்மையில் அவர் ஆன்லைனில் வாங்கிய பொருளைக்கூடச் சில கடிதங்கள் குறிப்பிடும். அட்டையைச் சுரண்டினால் ஒரு கார், அல்லது அதற்கு ஈடான ரொக்கம். கீழே சிறிய எழுத்தில், வரியைப் பரிசு பெறுபவரே முன்கூட்டிச் செலுத்த வேண்டும் என்ற குறிப்பு. கையெழுத்துப் போட்டு வாங்கிய தபால் பொய் சொல்லாது என்று நம்பும் ஒரு தலைமுறை நம்மிடையே இருக்கிறது. அந்த நம்பிக்கையைக் குறிவைத்தே இந்த உறை அனுப்பப்படுகிறது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு. கேரள அரசு லாட்டரியை ஆன்லைனில் வாங்கித் தருவதாகச் சொல்லும் செயலிகளும் வாட்ஸ்அப் குழுக்களும் அவை. கேரள அரசு 1967 முதல் லாட்டரி நடத்துகிறது. ஆனால் அது முகவர்கள் வழியே காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. ஆன்லைன் விற்பனை அதற்குக் கிடையாது. எனவே, கைப்பேசியில் விற்கப்படும் கேரள லாட்டரி எதுவாக இருந்தாலும் அது போலி என்று தயங்காமல் சொல்லலாம்.

செய்தியே குற்றமாகும் இடம்

ஏமாறவில்லை என்பதால் புகார் தர ஒன்றுமில்லை என்ற எண்ணம் சட்டப்படி தவறானது. 1998ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, சீட்டை மாநில அரசு தன் முத்திரையோடு அச்சிட வேண்டும், குலுக்கலையும் அரசே நடத்த வேண்டும், விற்பனைப் பணம் அரசின் கணக்கில் சேர வேண்டும். பிற மாநில லாட்டரிகளைத் தன் எல்லைக்குள் தடை செய்யும் உரிமையும் மாநிலங்களுக்கு உண்டு. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை இருக்கிறது. இந்தச் சட்டத்தின் வெளிச்சத்தில், ‘கைப்பேசி எண் குலுக்கல்’, ‘சிம் கார்டு லாட்டரி’ என்று ஒரு தனியார் நிறுவனம் நடத்த இடமே இல்லை.

இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆவது பிரிவு, அரசு அனுமதியில்லாத லாட்டரிக்கு அலுவலகம் நடத்துவதைக் குற்றமாக்குகிறது. அப்படிப்பட்ட லாட்டரியின் பேரில் பணமோ பொருளோ தருவதாக அறிவிப்பு வெளியிடுவதையும் அதே பிரிவு தண்டிக்கிறது. இது பழைய தண்டனைச் சட்டத்தின் 294ஏ பிரிவாக நெடுங்காலம் இருந்தது. இதற்கு மேல், கணினி அல்லது தகவல் தொடர்புச் சாதனம் வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஏமாற்றிப் பணம் பெறுவதற்கு நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. முயற்சியும் குற்றமே. ஆக, வந்த செய்தியை அப்படியே கொண்டுபோய்க் காட்டுவது, நடந்துகொண்டிருக்கும் ஒரு குற்றத்துக்குச் சான்று கொடுப்பதாகும்.

வரி பற்றியும் தெளிவு தேவை. மோசடிக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் சொல் அதுதான். லாட்டரிப் பரிசுக்கு 30 சதவீத வருமான வரி உண்டு என்பது உண்மை. பரிசு ரொக்கமாக இருந்தால், தருபவரே அந்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். பெறுபவர் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. பரிசு காராகவோ வேறு பொருளாகவோ இருந்தால் மட்டும், பரிசை விடுவிக்கும் முன் அதற்கான வரி கட்டப்பட்டிருப்பதைத் தருபவர் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தபாலில் வரும் சுரண்டும் அட்டையில் காரின் படம் இருப்பதற்கு இந்த நுணுக்கமும் துணைபோகிறது. பாதி உண்மையைச் சொல்லி மீதிப் பொய்யை உள்ளே நுழைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வரியும் அரசின் கணக்குக்குத்தான் போகும். ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்குக்கோ யுபிஐ முகவரிக்கோ வரி கட்டச் சொல்லும் எவரும் மோசடிக்காரரே.

வெளிநாட்டு லாட்டரி என்று வந்தால் விஷயம் இன்னும் எளிது. லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் முழுவதுமாகத் தடை செய்கின்றன. ரிசர்வ் வங்கியின் பெயரிலும் அதன் ஆளுநரின் பெயரிலும்கூடப் பரிசு மின்னஞ்சல்கள் வருவதால், பெருந்தொகை பெறுவதற்காக முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது.

மௌனத்தின் காரணங்கள்

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் புகார்கள் ஏன் வருவதில்லை? முதல் காரணம் வெட்கம். வீடு புகுந்து திருடினால் ஊரே வந்து ஆறுதல் சொல்கிறது. லாட்டரியில் ஏமாந்தால், பேராசைக்குக் கிடைத்த கூலி என்கிறது. பணத்தை இழந்தவரை முதலில் தண்டிப்பது அவருடைய வீடும் தெருவும்தான். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வங்கி அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து எத்தனையோ பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. பரிசு விஷயத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம், சொன்னால் ரத்தாகிவிடும் என்று மோசடிக்காரரும் ஏற்கெனவே கட்டளையிட்டிருப்பார். அந்தக் கட்டளையும் இந்த வெட்கமும் சேர்ந்து ஒருவரை முழுவதுமாகத் தனிமைப்படுத்திவிடுகின்றன.

இரண்டாவது காரணம் சட்டத்தைப் பற்றிய அச்சம். தடை செய்யப்பட்ட லாட்டரியை வாங்க முயன்றதாகத் தம்மீதே வழக்கு வருமோ என்று தமிழ்நாட்டில் பலர் தயங்குகிறார்கள். போலிக் கேரள லாட்டரிச் செயலிகள் இந்த அச்சத்தின் நிழலில்தான் வாழ்கின்றன. ஏமாற்றப்பட்டவர் ஏமாற்றப்பட்டவரே, முதலில் நடந்திருப்பது மோசடி. புகாரைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரி முதல் நிமிடத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் கரைந்துவிடும்.

மூன்றாவது காரணம் அமைப்பு சார்ந்தது. 2021இல் தொடங்கப்பட்ட நிதி மோசடிப் புகார் அமைப்பும், இப்போது 1930 என்ற எண்ணில் இயங்கும் அதன் உதவி மையமும் விரைவை நம்பியிருப்பவை. பணம் போன முதல் சில மணி நேரத்துக்குள் தகவல் வந்தால் அதைப் பெற்ற கணக்கில் நிறுத்திவைக்க முடியும். லாட்டரி மோசடியில் சிக்கியவருக்குத் தாம் ஏமாந்தது புரியவே வாரங்கள் ஆகின்றன. முதல் தவணைக்குரிய பொன்னான நேரம் கடந்து வெகுநாளாகியிருக்கும்.

வங்கிப் பாதுகாப்பும் இங்கே பெரிதாகக் கைகொடுப்பதில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைகளுக்கானது. வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் அப்பாற்பட்ட இடத்தில் தவறு நடந்து, மூன்று வேலை நாட்களுக்குள் அவர் தெரிவித்துவிட்டால் அவருக்கு இழப்பில்லை என்று அது சொல்கிறது. லாட்டரிப் பேச்சை நம்பியவர் தம் கையாலேயே பணத்தை அனுப்புகிறார். அதனால் அந்தக் குடை அவருக்கு விரிவதில்லை. ஐக்கிய இராச்சியம் 2024 அக்டோபர் 7 முதல், இப்படித் தாமே அனுப்பி ஏமாந்தவர்களுக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு தர வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. பணத்தை அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் அதைச் சரிபாதியாக ஏற்க வேண்டும். பெற்ற வங்கிக்கும் பொறுப்பு உண்டு என்பதே அதன் முக்கியமான பாடம். மோசடிப் பணம் வந்து இறங்கும் கணக்கும் ஏதோ ஒரு வங்கி திறந்து கொடுத்த கணக்குதான்.

எங்கே, எப்படிச் சொல்வது

பணம் எதுவும் போகாத நிலையில் முதலில் செய்ய வேண்டியது, செய்தியை அழிக்காமல் வைத்திருப்பது. எண் முழுவதும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். குரல் பதிவு வந்திருந்தால் சேமிக்க வேண்டும். கட்டச் சொன்ன வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, யுபிஐ முகவரி ஆகியவற்றைத் தனியே எழுதி வைக்க வேண்டும். தபாலில் வந்திருந்தால் உறையைக் கிழித்துப் போடக் கூடாது. அதில் இருக்கும் பார்கோடு எண், எந்த அஞ்சலகத்திலிருந்து எந்த நாளில் அனுப்பப்பட்டது என்பதைக் காட்டிக் கொடுக்கும். இவற்றை எடுத்து வைத்த பிறகுதான் வாட்ஸ்அப்பில் அந்த எண்ணை ரிப்போர்ட் செய்து பிளாக் செய்ய வேண்டும். ரிப்போர்ட் செய்யும்போது அந்த எண்ணிலிருந்து கடைசியாக வந்த ஐந்து செய்திகள் வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும்.

அடுத்தது அரசின் இரண்டு வாசல்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட ‘சக்ஷு’ என்ற வசதி, பணம் இழக்காதவர்களுக்காகவே உருவானது. சந்தேகத்துக்குரிய அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் செய்தி எதுவானாலும் வந்த முப்பது நாட்களுக்குள் அதில் தெரிவிக்கலாம். உள்துறை அமைச்சகத்தின் தேசிய இணையவழிக் குற்றப் புகார் தளத்திலும் சந்தேகத்துக்குரிய கைப்பேசி எண், வங்கிக் கணக்கு, யுபிஐ முகவரி ஆகியவற்றைத் தேடிப் பார்க்கவும் பதிவு செய்யவும் தனிப் பகுதி இருக்கிறது. இதே அமைச்சகம் 2024 செப்டம்பரில் சந்தேக நபர்களுக்கான பதிவேடு ஒன்றையும் வங்கிகளோடு சேர்ந்து தொடங்கியது. மோசடிக் கூட்டத்துக்கு எண்கள் மலிவு. கணக்குகள் அவ்வளவு மலிவில்லை. சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுத் தங்கள் கணக்கை வாடகைக்கு விடும் மாணவர்களையும் கூலித் தொழிலாளர்களையும் தேடிப் பிடித்துத்தான் அவர்கள் கணக்குகளைச் சேர்க்கிறார்கள். கட்டச் சொன்ன கணக்கு எண்ணோடு தரப்படும் சந்தேகப் புகார், வெறும் கைப்பேசி எண்ணைத் தரும் புகாரைவிட அவர்களுக்கு அதிகம் வலிப்பதன் காரணம் இதுவே.

பணம் போய்விட்டது என்றால் 1930ஐ உடனே கூப்பிட வேண்டும். அழைப்பை எடுப்பவர், புகார்தாரரின் பெயர், கைப்பேசி எண், வங்கி, கணக்கு எண், போன தொகை, நாள், நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கேட்பார். யுபிஐயில் அனுப்பியிருந்தால் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண் செயலியிலேயே இருக்கும். கூப்பிடும் முன் அதை எழுதிக்கொள்வது நல்லது. அங்கிருந்து தகவல் வங்கிக்குப் போகிறது. பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கி தன் கணக்கைப் பார்க்கிறது. பணம் இருந்தால் நிறுத்தி வைக்கிறது. வேறு வங்கிக்குப் போயிருந்தால் தகவலை அங்கே தள்ளுகிறது. புகார்தாரருக்குக் குறுஞ்செய்தியில் ஓர் ஒப்புகை எண் வரும். அதைக் கொண்டு 24 மணி நேரத்துக்குள் புகார் தளத்தில் முழு விவரங்களையும் பதிவு செய்ய வேண்டும். தவணை தவணையாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு தவணையையும் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். பழைய தவணைகள் கைநழுவியிருந்தாலும் நேற்றுக் கட்டியது இன்னும் எங்காவது தங்கியிருக்கலாம்.

தளத்தில் தந்த புகாரும் முதல் தகவல் அறிக்கையும் ஒன்றல்ல. விசாரணை நடக்க வேண்டுமானால் முதல் தகவல் அறிக்கை தேவை. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் இணையவழிக் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. ஆனால் எல்லை காட்டி எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவும் சொல்கிறது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே தீர்ப்பளித்துவிட்டது. நடைமுறையில் பலருக்குக் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது மட்டுமே. அதையாவது வாங்காமல் நிலையத்தை விட்டு வரக் கூடாது. வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகாரை அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி இரண்டாவது கூட்டம் ஒன்று அலைகிறது. சமூக ஊடகங்களில் தம் இழப்பைச் சொன்னவர்களை அது தேடி வருகிறது. சைபர் போலீஸ் என்றோ வழக்கறிஞர் என்றோ சொல்லிக்கொண்டு கட்டணம் கேட்கும். 1930க்கும் புகார் தளத்துக்கும் கட்டணம் எதுவும் இல்லை. மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் முதல் மோசடியின் தொடர்ச்சியே.

புகாருக்கு மதிப்பு வேண்டும்

மக்கள் புகார் தருவதற்கு, தந்த புகார் என்னவாயிற்று என்று தெரிய வேண்டும். சந்தேகப் புகார் தந்தவருக்கு, அவர் தந்த எண் முடக்கப்பட்டது என்றோ கணக்கு ஆய்வில் இருக்கிறது என்றோ ஒரு வரித் தமிழ்க் குறுஞ்செய்தி வருமானால், அவர் அடுத்த முறையும் புகார் தருவார். பக்கத்து வீட்டாரையும் தரச் சொல்வார். பதிலே வராத புகார், புகார் தரும் பழக்கத்தையே கொன்றுவிடும்.

வங்கிக் கிளைகளுக்கும் அஞ்சலகங்களுக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. முதியவர் ஒருவர் முன்பின் தெரியாத கணக்குக்குப் பணம் கட்ட வரும்போது, கவுன்ட்டரில் இருப்பவர் ‘இது யாருக்கு, எதற்கு?’ என்று கனிவாகக் கேட்கும் கேள்வி பல நாள் வசியத்தைக் கலைத்துவிடக்கூடும். ஒரே மாதிரி உறைகள் ஒரே இடத்திலிருந்து கட்டுக்கட்டாக வந்து குவிவதை முதலில் பார்ப்பவர் தபால்காரர். வங்கி, அஞ்சலக ஊழியர்கள் தம் சந்தேகத்தைச் சொல்வதற்கென்று ஒரு நேரான வழி வேண்டும். பள்ளிகளில் கணினிப் பாடத்தோடு 1930ஐயும் சொல்லித் தரலாம். வீட்டில் பெரியவர்களின் கைப்பேசியில் என்ன வருகிறது என்று முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பேரப் பிள்ளைகள்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, முதல் புகார் பதிவாக வேண்டிய இடம் வீடு. ‘பரிசு விழுந்திருக்காம்ப்பா’ என்று அப்பாவோ அத்தையோ சொல்லும்போது சிரிக்காமல், திட்டாமல் கேட்டுக்கொள்கிற குடும்பத்தில் மோசடிக்காரரின் ரகசியக் கட்டளை அங்கேயே முறிந்துவிடும். அவர்களோடு உட்கார்ந்து அந்த எண்ணைப் புகார் தளத்தில் பதிவு செய்வதற்குப் பத்து நிமிடம் போதும். நமக்கு வந்த மோசடிச் செய்தி ஆயிரம் பேருக்கும் போயிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்குவது முகம் தெரியாத ஒருவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்பது புரியும்.